சூடு கண்ட பூனையும் அறுந்த இழையும்

"சூடு கண்ட பூனை அடுப்பங்கரை நாடாது" என்பது நம் வீடுகளில் நாள்தோறும் வழங்கும் பழமொழி. பட்டறிவின் பெருமையைச் சொல்லவே பெரியோர் இதனை எடுத்தாளுவர். ஒருமுறை சுட்டுக்கொண்ட பூனை மறுமுறை விழிப்பாக இருக்கிறதாம். மனிதனும் அங்ஙனமே இருத்தல் வேண்டுமாம். முன்னோர் மொழியை மறுக்க நாம் துணியவில்லை. எனினும், சங்கங்களின் ஏடுகளைப் பத்தாண்டுக்கு மேலாகப் புரட்டிவரும் ஆய்வாளர் என்ற முறையில் நமக்கு ஓர் ஐயம் எழுவதுண்டு. அடுப்பங்கரையில் இருப்பது நெருப்பு மட்டுந்தானா? பாலும் அங்கேதானே இருக்கிறது! நெருப்புக்கு அஞ்சி அடுப்பங்கரையையே துறந்துவிட்ட பூனை கற்றுக்கொண்டது எச்சரிக்கையையா, அச்சத்தையா?

நம் உறுப்பினர்களுக்குப் பட்டறிவில் குறைவில்லை. நூல் விலை ஏறியபோது பட்டது, துணி தேங்கியபோது பட்டது, மழை பொய்த்தபோதும் மிகுந்தபோதும் பட்டது என்று ஒவ்வொரு குடும்பத்திலும் ஒரு பெருங்கணக்கு உண்டு. ஆனால் பட்டவர் எல்லாரும் அறிந்தவர் ஆகிவிடுவதில்லை. ஒரு நட்டம் வந்தவுடன் தேநீர்க் கடையில் முதலில் எழும் சொல் யாது? "இந்தச் சங்கமே ஆகாது" என்பது. அன்றேல், "இந்தத் தொழிலே ஆகாது" என்பது. இதுவும் ஒரு பாடந்தான். ஆயின் மிக அகலமான பாடம். இன்ன இடத்தில், இன்ன நாளில், இன்னது தவறிற்று என்று விரல் வைத்துக் காட்டும் குறுகிய பாடம் வேறு. அகலமான பாடம் மனிதனை முடக்கிப் போடுகிறது. குறுகிய பாடம் அவனை மறுபடியும் தறியில் உட்கார வைக்கிறது. நாம் இம்மாதம் உறுப்பினர் பெருமக்கள் முன் வைக்க விரும்புவது இவ்வொரு கருத்தையே.

கூட்டுறவுப் பயிற்சி பெற்றவர் எவரும் இங்கிலாந்து நாட்டு ராச்டேல் ஊரின் பெயரைக் கேட்டிருப்பர். கம்பளித் துணி நெசவுக்குப் பெயர்பெற்ற அவ்வூரில் 1844-ஆம் ஆண்டு டிசம்பர் 21-ஆம் நாள், டோட் லேன் என்னும் சந்தில், 28 பேர் கூடி ஒரு சிறு கடையைத் திறந்தனர். (இருபத்தெண்மரும் நெசவாளர் என்று மேடைகளில் பேசுவது வழக்கம். அது சரியன்று, நெசவாளரும் இருந்தனர், செருப்புத் தைப்பவர் முதலிய பிற தொழிலாளரும் இருந்தனர். நெசவாளர் மலரில் எழுதுகிறோம் என்பதற்காக வரலாற்றை வளைக்க வேண்டியதில்லை.) வாரத்துக்கு 2 பென்னி, 3 பென்னி எனச் சேர்த்து அவர்கள் திரட்டிய முதல் 28 பவுன். கடையில் இருந்த சரக்கு கொஞ்சம் மாவு, வெண்ணெய், சருக்கரை, ஓட்ஸ் மாவு, சில மெழுகுவத்திகள். அவ்வளவே. தெருச் சிறுவர்கள் வாயிலில் கூடி எள்ளி நகைத்தனர் என்று அச்சங்கத்தின் வரலாற்றை எழுதிய ஹோலியோக் கூறுகிறார்.

இக்கதையை இத்துடன் நிறுத்திவிடுவதே பலருக்கு வழக்கம். நமக்குச் சுவையான பகுதி இதற்கு முன்னால் இருக்கிறது. அதே ராச்டேலில், அதே டோட் லேன் சந்தில், 1833-ஆம் ஆண்டிலேயே ஒரு கூட்டுறவுக் கடை நடந்தது! இரண்டே ஆண்டுகளில், 1835-இல், அது மூடப்பட்டது. காரணம், உறுப்பினர்களுக்குக் கடனுக்குச் சரக்குக் கொடுத்ததே. கூலி குறைந்த காலத்தில் வாங்கியவரால் கடைக்குத் தர முடியவில்லை. வாங்கியவர் தராதபோது கடையால் மொத்த வியாபாரிக்குத் தர முடியவில்லை. இந்தச் சங்கிலியை நம் நாட்டு மளிகைக் கடைக்காரர் எவரும் விளக்கிச் சொல்லுவர்.

ஊரார் அந்நாளில் என்ன பேசியிருப்பர் என்பதை ஊகிப்பது எளிது. 'தொழிலாளிக்குக் கடை எதற்கு' என்றே பேசியிருப்பர். ஆனால் அந்த முதற் கடையில் ஈடுபட்டிருந்த சார்லஸ் ஹோவார்த் என்பவர் 1844-ஆம் ஆண்டுக் குழுவிலும் முன்னின்றார். அவரும் அவர் தோழர்களும் எடுத்த பாடம் மிகக் குறுகியது. கடை ஆகாது என்று அவர்கள் கருதவில்லை. கடன் ஆகாது என்றனர். ரொக்கத்துக்கே விற்பனை என விதி வகுத்தனர். அதனால் உறுப்பினருக்கு நேரும் இடர்ப்பாட்டை ஈடுசெய்ய, அவரவர் வாங்கிய அளவுக்கேற்ப இலாபத்தைப் பங்கிட்டுத் திருப்பித் தந்தனர். பத்தாண்டுக்கு முன் அதே சந்தில் தோற்ற ஒரு முயற்சியை மீண்டும் அதே சந்தில் தொடங்க ஒருவனுக்கு எங்கிருந்து துணிவு வரும்? தோல்வியின் காரணத்தை ஒரே சொல்லில் அவன் அறிந்திருந்தாலன்றி வாராது.

அவர்களும் எல்லாவற்றையும் கற்றுவிட்டவர் அல்லர் என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1854-இல் அவர்களே ஒரு பஞ்சாலைச் சங்கத்தைத் தொடங்கி, இலாபத்தில் தொழிலாளிக்கும் ஒரு பங்கு என வைத்தனர். ஆலை நன்றாக நடக்கவே பங்குத் தொகையை மட்டும் கருதி வெளியார் பலர் உள்ளே புகுந்தனர். 1862-இல் அவர்களே வாக்கில் மிகுந்து தொழிலாளியின் பங்கை நீக்கிவிட்டனர். கடனைப் பற்றிய பாடம் பங்குதாரரைப் பற்றிய பாடம் ஆகாது. ஒவ்வொன்றும் தனித்தனியே படவேண்டியிருக்கிறது, என் செய்வது!

வேளாண் அன்பர்களுக்குச் செருமனியின் ரெய்பைசன் நினைவுக்கு வருவார். 1846-47ஆம் ஆண்டுப் பஞ்சத்தின்போது ஒரு சிற்றூரின் தலைவராக இருந்த அவர், செல்வரிடம் பொருள் திரட்டி ஏழைகளுக்கு ரொட்டி கிடைக்கச் செய்தார். பின்னரும் செல்வர்களின் பொறுப்பில் உதவிச் சங்கங்களை நடத்தினார். செல்வரின் ஆர்வம் சில ஆண்டுகளில் தணிந்துவிடும் என்பதை அவர் அனுபவத்திற் கண்டார். 'உதவியே வீண்' என்று அவர் விலகியிருக்கலாம். விலகாது, கடன் வாங்குவோரே உறுப்பினராகி, அவர்களே ஒருவருக்கொருவர் பொறுப்பேற்கும் சங்கத்தை 1864-இல் ஹெடஸ்டார்ப் என்னுமிடத்தில் அமைத்தார். சென்னை அரசாங்கத்தின் பொருட்டு பிரெடரிக் நிக்கல்சன் 1895-இலும் 1897-இலும் அளித்த அறிக்கை இவ்வகைச் சங்கங்களையே நமக்குக் காட்டிற்று. 1904-ஆம் ஆண்டுச் சட்டமும், அவ்வாண்டே தோன்றிய திருவள்ளூர்ப் பக்கத்துத் திரூர்ச் சங்கமும், காஞ்சிபுரத்து நகரச் சங்கமும் அவ்வழி வந்தவை. நம் ஊர்க் கடன் சங்கத்தின் விதிகளில் ஒரு செருமானியரின் ஏமாற்றம் ஒளிந்திருக்கிறது என்பது எத்தனை உறுப்பினருக்குத் தெரியும்?

இனி, நாம் நேரிற் கண்ட ஒன்றைச் சொல்லுகிறோம். இதில் நம் பிழையும் கலந்திருப்பதால் சொல்லக் கொஞ்சம் தயக்கமே.

நாம் பணியேற்ற தொடக்க ஆண்டுகளில் கொங்குநாட்டு நெசவாளர் சங்கம் ஒன்றின் ஏடுகளைப் பார்க்கச் சென்றிருந்தோம். படுக்கை விரிப்பும் போர்வையும் நெய்யும் சங்கம். வெளியூர் வணிகர் ஒருவர் தீபாவளிக்கு முன் கடனுக்குச் சரக்கு வாங்கிச் சென்று, பணத்தைத் தராமல் இழுத்தடித்து, கடைசியில் தந்த காசோலையும் பணமின்றித் திரும்பிவிட்டது. பல மாதக் கூலிக்குச் சமமான தொகை. நெசவாளர்கள் கொதித்துப் போயிருந்தனர், கொதித்தது நியாயமே. குழு கூடி ஒரு தீர்மானம் போட்டது: தனியார் எவருக்கும் இனிக் கடனுக்கும் விற்பதில்லை, ரொக்கத்துக்கும் விற்பதில்லை, கூட்டமைப்பு எடுப்பதும் கண்காட்சியில் விற்பதும் போதும். நாம் அத்தீர்மானத்தைப் படித்தோம். 'நட்டத்திலிருந்து பாடம் கற்ற நடவடிக்கை. பாராட்டத்தக்கது' என்று ஆய்வுக் குறிப்பில் எழுதிக் கையொப்பமிட்டோம். பட்டம் பெற்று வந்த இளமையில் 'பாராட்டத்தக்கது' என்று எழுதுவதில் ஒரு தனி இன்பம் இருந்தது என்பதையும் மறைக்கவில்லை.

மூன்றாண்டு கழித்து அதே சங்கத்துக்கு மீண்டும் செல்ல நேர்ந்தது. கிடங்கில் விரிப்புகள் கூரையைத் தொட்டு நின்றன. மடிப்பு ஓரங்களில் மஞ்சள் படிந்திருந்தது. சரக்கில் முடங்கிய பணம் நூலாக மாறவில்லை. ஆகவே, மாதம் இரண்டு பாவு பெற்ற நெசவாளருக்கு ஒன்று கொடுத்தனர். அதற்கும் கூலி பிந்திற்று. இளைஞர் பலர் திருப்பூர்ப் பனியன் கம்பெனிகளுக்கும், பக்கத்து விசைத்தறிக் கூடங்களுக்கும் போய்விட்டனர். சில வீடுகளில் தறிக்குழியை மண் போட்டு மூடி, அதன்மேல் கட்டில் போட்டிருந்தார்கள். அந்தக் கட்டிலை நாம் மறக்கவில்லை.

முதியவர் ஒருவர் வீட்டில் நீர் அருந்த உட்கார்ந்தோம். அவர் நம்மை அடையாளங் கண்டுகொண்டார். மரியாதைக் குறைவாக ஒரு சொல்லும் சொல்லவில்லை. தறியில் இருந்தபடியே கேட்டார்: "ஏனுங்க ஐயா, ஒரு இழை அறுந்து போச்சுன்னா பாவையே அறுத்துப் போடுவமுங்களா? விழுதுலே அறுந்துதா, அச்சுலே அறுந்துதான்னு தேடிப் பாத்து, அந்த ஒரு இழைக்கு முடி போடுவமுங்க. நீங்க எல்லாருமாச் சேந்து பாவையே அறுத்துப்புட்டீங்களே!"

நாம் விடை கூறாமல் எழுந்து வந்தோம். ஆனால் அன்றிரவு சங்கத்தின் பழைய கோப்புகளைக் கேட்டு வாங்கிப் பார்த்தோம். அறுந்த இழை எது என்பதை முதன்முறையாக அப்போதுதான் தேடினோம் என்க. அந்த வணிகருக்கு முதலில் சரக்கு அனுப்பியபோது குழுத் தீர்மானம் இருந்தது. தொகைக்கு வரம்பும் இருந்தது. பணமும் குறித்த நாளில் வந்திருந்தது. இரண்டாம் முறை தீர்மானம் இல்லை, செயலாளரின் குறிப்பு மட்டும் இருந்தது. சரக்கோ முன்னதைவிடப் பெரிது. அதற்குரிய பணம் வருமுன்பே மூன்றாம் முறையும் மூட்டைகள் ஏறிவிட்டன. அதற்குத் தாள் ஒன்றும் இல்லை. ஓர் ஏட்டின் ஓரத்தில் பென்சிலால் எழுதிய தொலைபேசி எண் இருந்தது, அவ்வளவே. ஆக, தனியாருக்கு விற்றது பிழையன்று. கடனுக்கு விற்றதுகூட முழுப் பிழையன்று. முன்னைய சரக்கின் பணம் வாராதிருக்க அடுத்த சரக்கை ஏற்றியதும், ஒருவர் வாய்ச்சொல்லால் ஏற்றியதுமே பிழை.

இன்னும் ஒன்றைக் கண்டோம். அது நம்மை நிலைகுலையச் செய்தது. பழைய தீர்மானப் புத்தகங்கள் ஒரு பெட்டியில் கட்டிக் கிடந்தன. அவற்றுள் இருபது ஆண்டுக்கு முந்தைய புத்தகம் ஒன்றில், அழகிய கையெழுத்தில், இவ்வாறு ஒரு தீர்மானம் இருந்தது: முன் அனுப்பிய சரக்கின் பணம் முழுமையும் வந்து சேர்ந்தாலன்றி, அதே வணிகருக்கு மறு சரக்கு அனுப்பலாகாது. அதற்குச் சில பக்கங்களுக்கு முன்னால், வேறொரு வணிகரிடம் இதேபோல் ஏமாந்த வரலாறும் இருந்தது! முன்னோர் நட்டப்பட்டனர், பாடத்தைச் சரியாக, குறுகலாக, கற்றனர், எழுதியும் வைத்தனர். பின்னர் செயலாளர் ஓய்வு பெற்றார், குழு மாறிற்று, புத்தகம் பெட்டிக்குள் போயிற்று. ஒரே பாடத்துக்கு அச்சங்கம் இருமுறை பணம் கட்டியிருக்கிறது. இரண்டாம் முறை கட்டிய பிறகு, முதலிற் கற்ற நல்ல பாடத்தை விடுத்துக் கெட்ட பாடத்தைக் கற்றது. அதைப் பாராட்டி நாம் எழுதியிருக்கிறோம்.

தனி மனிதனுக்கு நினைவு உண்டு. சங்கத்துக்கு நினைவு ஏது? தீர்மானப் புத்தகமே அதன் நினைவு. ராச்டேலில் ஹோவார்த் இருந்தார். 1835-ஐ நினைவில் வைத்திருந்தார். எல்லாச் சங்கத்திலும் ஒரு ஹோவார்த் இருப்பார் என்று நம்பிக்கொண்டிருக்க முடியுமா?

வேளாண்மையில் இதே செய்தி வேறு உருவில் வருகிறது. 2018-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள் விடியற்போதில் கஜா புயல் வேதாரணியத்துக்கு அருகே கரை கடந்தது. பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பகுதிகளில் தென்னந்தோப்புகள் வேரோடு சாய்ந்தன. நெல்லில் ஒரு பருவம் போனால் அடுத்த பருவம் உண்டு. நெட்டைத் தென்னையோ நட்டபின் காய்க்கவே ஆறேழு ஆண்டு பிடிக்கும். விழுந்த மரத்தை அறுத்து அகற்றவே கையிலிருந்த காசு போதவில்லை. ஒரு தலைமுறையின் வருவாய் ஓரிரவில் தரையிற் கிடந்ததைக் கண்டவர் "இனித் தென்னையே வேண்டாம்" என்று சொன்னால், அவரைக் குறை கூற நமக்கு வாய் இல்லை.

எனினும் சிலர் வேறு சொல்லைச் சொன்னார்கள். 'தென்னை மட்டும் வேண்டா' என்றார்கள். 'மட்டும்' என்ற அந்த ஒரு சொல்லிலேயே எல்லாம் இருக்கிறது. புயல் நம் கையில் இல்லை. தோப்பு முழுவதும் ஒரே மரமாக, ஒரே வயதாக, ஊடே வேறொன்றும் இன்றி வைத்தது நம் கையில் இருந்தது. தென்னைக்குக் காப்பீடு உண்டு என்பதைக் கேட்டறிவதும் நம் கையில் இருந்தது. நமக்குத் தெரிந்த பலர் அதனைப் புயலுக்குப் பின்னரே கேட்டறிந்தனர். தோப்புக்குள் வாழையும் கோகோவும் மிளகும் வைப்பது புதுமையன்று. ஆனால் அதைச் செய்யத் தூண்டியது, புயலை நினைந்து அழுததைவிட, இழப்பை இரு கூறாகப் பிரித்துப் பார்த்ததுதான்: வானத்தின் கணக்கு ஒன்று, நம் கணக்கு ஒன்று.

நெசவாளருக்கும் இந்தப் பிரிவினை உதவும். 2022-ஆம் ஆண்டில் பஞ்சின் விலை 356 கிலோ கொண்ட கண்டி ஒன்றுக்கு 1 இலட்சம் ரூபாயைத் தாண்டிற்று. பழைய விலைக்கு ஒப்புக்கொண்ட துணியைப் புதிய விலை நூலில் நெய்து கொடுத்தவர்கள் கையைச் சுட்டுக்கொண்டார்கள். பஞ்சு விலையை எந்தச் சங்கமும் தடுத்திருக்க இயலாது. விலை சொல்லும் தாளில் 'இவ்விலை இன்ன நாள் வரைக்கும்' என்று ஒரு வரி எழுதியிருக்க இயலும். ஒரு வரி தான்!

கடன் தள்ளுபடியைப் பற்றியும் ஒரு சொல். அரசின் கொள்கையை ஆய்வாளர் எடைபோடுவது முறையன்று என்பதை அறிவோம். உறுப்பினர் அதிலிருந்து என்ன கற்கிறார் என்று சொல்லுவதில் தவறில்லை என்று எண்ணுகிறோம். 2021-ஆம் ஆண்டில் நம் மாநிலக் கூட்டுறவுச் சங்கங்களில் 16.43 இலட்சம் உழவர்களின் பயிர்க்கடன் 12,110 கோடி ரூபாய் தள்ளுபடி செய்யப்பட்டது. வறட்சியும் புயலும் மழையும் நோய்த்தொற்றும் ஒன்றன்பின் ஒன்றாக வந்த காலம். பலருக்கு அது மூச்சுவிட இடம் தந்தது. ஆனால் நாம் சென்ற ஊர்களில் கேட்ட பேச்சு வேறு. தவணைக்கு முன்பே நகையை விற்றுக் கட்டியவர், "நான் ஏமாளி ஆனேன்" என்றார். கட்டாதிருந்தவர், "அடுத்த முறையும் வரும்" என்றார். இருவரும் கற்றது அகலமான பாடமே. இரண்டும் சங்கத்தை அரிக்கும். இன்னின்ன இயற்கைக் கேட்டுக்காக, இன்ன ஆண்டில், ஒருமுறை கிடைத்த உதவி என்று அதை அதன் அளவில் வைத்துக் காண்பவரே அடுத்த பருவத்தை நேராக எதிர்கொள்ள முடியும். நாட்களை எண்ணிக்கொண்டிருப்பவரால் முடியாது.

இனி, பாடமும் பழசாகும் என்பதை மறத்தல் கூடாது. 1951-52இல் நாடு முழுவதும் நடந்த ஊரகக் கடன் ஆய்வின் அறிக்கை 1954-இல் வெளிவந்தது. உழவர் வாங்கிய கடன் நூறு ரூபாயில் கூட்டுறவு கொடுத்தது ஏறத்தாழ 3 ரூபாய் என்று அது காட்டிற்று. ஐம்பதாண்டு முயற்சிக்கு மூன்று ரூபாய்! அறிக்கையாளர் கூட்டுறவை மூடிவிடச் சொல்லவில்லை. முதல் போதாது, ஆகவே அரசும் பங்கு எடுக்கட்டும், கடனை விற்பனையோடு இணையுங்கள், கிடங்கு கட்டுங்கள், ஆட்களுக்குப் பயிற்சி தாருங்கள் என்று இழை இழையாகச் சொன்னார்கள். அன்று அது நல்ல பாடமே. அதே அரசுப் பங்கு, நாளடைவில், 'இது நம் சங்கம் அன்று, சர்க்கார் சங்கம்' என்ற எண்ணத்துக்கு இடங்கொடுத்தது. பொருளியல் அறிஞர் அ. வைத்தியநாதன் தலைமையிலான குழு 2005-இல் அளித்த அறிக்கை அரசின் தலையீட்டையே நோய்களுள் ஒன்றாகக் குறித்தது. ஒரு காலத்து மருந்தையும் ஆய்வுக்கு உட்படுத்த வேண்டியிருக்கிறது. ஆகவேதான் தீர்மானத்தை மட்டும் எழுதினாற் போதாது, எக்காரணம் பற்றி அதனைச் செய்தோம் என்பதையும் எழுதுக என்கிறோம். காரணம் எழுதியிருந்தால், காரணம் மாறிய நாளில் தீர்மானத்தை மாற்றலாம். காரணம் இல்லாத தீர்மானம் தாத்தாவின் சட்டைபோல. போடவும் முடியாது, எறியவும் மனம் வாராது.

ஆண்டுப் பேரவையில் இலாப நட்டக் கணக்கைப் படிக்கிறோம், கைதட்டுகிறோம், கலைகிறோம். அத்துடன், கடந்த பத்தாண்டில் சங்கம் எங்கெங்கே பட்டது, அதனால் எந்த விதியை வகுத்தது என்பதை ஒரு பக்கத்துக்கு மிகாமல் எழுதி உரக்கப் படிக்கச் செய்தால் என்ன? அரை மணி நேரம் கூட ஆகாது. புதிதாய்ச் சேர்ந்த இளைய உறுப்பினர் தம் சங்கம் இத்தனை இடி தாங்கி நின்றது என்பதைக் கேட்பர். இன்று தறியை விட்டு விலகலாமா என்று தயங்கும் ஒருவனுக்கு 'தைரியமாயிரு' என்று நாம் நூறு முறை கூறுவதைவிட, இதே சங்கம் இதைவிட மோசமான ஆண்டு ஒன்றை எப்படிக் கடந்தது என்ற கணக்கு மிகுதியாக உதவும். நட்டத்தை வெளியே சொன்னால் சங்கத்துக்கு இழுக்கு என்று சில செயலாளர்கள் நம்மிடம் வாதிட்டதுண்டு. மறைத்துவைத்த நட்டம் பெட்டிக்குள் கிடந்த புத்தகத்துக்கு ஒப்பாகும் என்று நாம் விடையிறுத்தோம். அவர்கள் முழுதும் ஒப்பவில்லை, அதையும் குறிப்பிட்டுவிடுகிறோம்.

நாம் முன் கூறிய கொங்குநாட்டுச் சங்கம் அப்பழைய தீர்மானத்தை மீண்டும் எடுத்துப் புதிதாக எழுதிக்கொண்டது. பாதிப் பணம் முன்னதாக, மீதி சரக்கு ஏறும்போது; முன்கணக்குத் தீராமல் மறு சரக்கு இல்லை; இருவர் கையொப்பம் இன்றி மூட்டை கிடங்கு வாயிலைத் தாண்டலாகாது. காரணமும் கீழே எழுதப்பட்டது. தேங்கிய விரிப்புகளை விலை குறைத்துத் தள்ள இரண்டு தீபாவளி ஆயிற்று. மண் மூடிய தறிக்குழிகளில் சில மீண்டும் தோண்டப்பட்டன. சில தோண்டப்படவில்லை, அவை இனித் தோண்டப்படவும் போவதில்லை. அந்தப் பங்கு நம் குறிப்பின் கணக்கிலும் எழுதப்பட வேண்டியதே.

சென்ற மாதம் அச்சங்கத்தார் நம்மை அழைத்துக் கேட்டனர். முன்பு ஏமாற்றிய அதே ஊரிலிருந்து, வேறொரு வணிகர், பெரிய அளவில் போர்வை வேண்டுமென வந்திருக்கிறாராம். ஊர்ப் பெயரைக் கேட்டவுடனே பழைய உறுப்பினர் சிலர் கூடாது என்றனராம். நாம் ஒன்றும் சொல்லவில்லை. தீர்மானப் புத்தகத்தை எடுத்துவரச் சொன்னோம். தறியில் இருந்தபடி நம்மைக் கேள்வி கேட்ட அம்முதியவரின் பேரன் அதை உரக்கப் படித்தான். வணிகர் பாதிப் பணம் கட்டினார். முதல் ஐந்து மூட்டைகள் மீதிப் பணத்தோடு ஏறிவிட்டன. அடுத்த ஐந்துக்கு அவர் பத்து நாள் தவணை கேட்டிருக்கிறார். மூட்டைகள் கட்டி, பெயர் எழுதி, கிடங்கு வாயிலுக்கு உட்புறமே வைக்கப்பட்டிருக்கின்றன.